மூன்று வாரத்து இங்கிலீஷ்

முன்னால் இன்னும் ஒன்பது பேர் நின்றார்கள். ஐ ஹேவ் கம். ஐ ஹேவ் கம், மிஸ். மிஸ்ஸை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா என்று அந்த வீடியோ மாஸ்டர் சொல்லித் தரவே இல்லை; எல்லாம் தெரிந்தவன் மாதிரி போர்டுக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவனுக்கு, ஆகிற காரியத்துக்கு ஒன்று சொல்லத் தெரியவில்லை. பாண்டிச்செல்வி உதடு அசையாமல் நாக்கை மட்டும் உள்ளே புரட்டி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஐ ஆம் தன்விகா மதர். இல்லை, தன்விகாஸ் மதர், அந்த ‘ஸ்’ விட்டுப்போனால் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் ஒட்டு இருக்காதாம். அப்புறம், ஐ ஹேவ் கம் டு ஸீ ஹெர் மார்க்ஸ். அவ்வளவுதான். மூன்று வாரமாக முட்டி மோதிக் கட்டியது இந்த இரண்டு வாக்கியம்தான், இதையும் அந்த வாசலுக்குப் போவதற்குள் எவளாவது எதையாவது கேட்டுக் கலைத்துவிடுவாள். முன்னால் நின்றவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி விட்டிருந்தாள், மண்டைக்கு வெயில் கூசுகிறதாக்கும். வரிசையில் இரண்டாவதாக நின்ற ஆள் காதில் எதையோ செருகிக்கொண்டு சுவரைப் பார்த்து வியாபாரம் பேசிக்கொண்டிருந்தான், சுவரில் வரைந்திருந்த யானை அவனிடம் சரக்குக் கேட்டதைப் போல. எல்லோர் மேலும் ஒரு வாசனை. எல்லோருக்கும் இந்த ஸ்கூல் வராண்டா தங்கள் வீட்டு முற்றம். பாண்டிச்செல்விக்கு அக்குளில் வேர்த்து ரவிக்கை ஒட்டியது. கைக்குள் இருந்த பாப்பாவின் கையும் வேர்த்து வழுக்கியது, ஒவ்வொரு தடவை வழுக்கும்போதும் அவள் இறுக்கிப் பிடித்தாள், பாப்பா ‘ஸ்’ என்று முகம் சுளித்தாள். கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் பத்து நாற்பது. மதினி, புருஷனின் அக்காள், அவளுக்குப் பத்தரைக்கே கம்ப்யூட்டர் சென்டரில் பேட்ச் முடிந்திருக்கும். வீட்டுக்கு வந்து, சேலை மாற்றி, வகிட்டில் குங்குமம் வைத்து, மெட்டியைத் தேடுவாள். அங்கேதான் பத்து நிமிஷம் போகும். மெட்டி பாண்டிச்செல்வியின் கால்விரலில் இருந்தது. ஒளித்து வைக்கவில்லை, திருடவில்லை, அவள் காலுக்குப் போட்டது அவள் காலில் கிடக்கிறது. ஆனாலும் பதினோரு மணிக்குள் மதினி வந்துவிடுவாள், மெட்டி இல்லாமலும் வந்துவிடுவாள், அவளுக்கென்ன, கால்விரலையா பார்க்கப்போகிறார்கள், அவள் வாயைத் திறந்தால் எல்லோரும் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

அந்த வாய்க்காகத்தானே எல்லாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எல்.கே.ஜி. சேர்க்கும்போது, பிள்ளையைவிட பிள்ளையின் அம்மாவைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள் என்று புருஷன் முத்தீஸ்வரன் மில்லில் யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்தான். அம்மா என்ன படித்திருக்கிறாள், வீட்டில் என்ன பேசுகிறாள், ஹோம்வொர்க் யார் சொல்லித் தருவார் என்றெல்லாம் கேட்பார்களாம். கேட்டுவிட்டு வந்தவன் சோற்றைப் பிசைந்தபடி பாண்டிச்செல்வியை ஒரு பார்வை பார்த்தான், வாங்கி வந்த ஸ்பேர் பார்ட் அளவு சேரவில்லை என்றால் பார்ப்பானே, அந்தப் பார்வை. கோபம்கூட இல்லை அதில். அப்புறம் அவனும் அவன் அக்காளும் அடுப்படிக்கு வெளியே நின்று பேசி முடித்தார்கள். மதினி பி.காம். படித்தவள், முப்பது வயதாகியும் கல்யாணம் வேண்டாம் என்று நிற்கிறவள், சடசடவென்று இங்கிலீஷ் பேசுகிறவள். ஒரு நாள் கூத்துதானே, ஒரு அரை மணி நேரம் மதினி அம்மாவாகப் போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும், சீட்டு கிடைத்த பிறகு யார் கேட்கப் போகிறார்கள் என்றான். பாண்டிச்செல்வி என்ன செய்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். ‘சரிங்க’ என்றாள். சரிங்க என்றது மட்டுமா, தன் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டை எடுத்துக் கொடுத்து, மடிப்பு எடுத்து, ஊக்குக் குத்தி, குனிந்து உட்கார்ந்து தன் கால் மெட்டியைக் கழற்றி மதினி விரலில் மாட்டிவிட்டாள். கல்யாணமாகாத கால் என்று மாமியார் மட்டும் முனகிக்கொண்டு, திரும்பி வந்ததும் மஞ்சள் தண்ணீரில் மெட்டியைக் கழுவி வைத்தாள். மெட்டிக்குத்தான் தீட்டு. பிள்ளையைக் கொடுத்தனுப்பியதற்கு எந்தத் தண்ணீரில் கழுவுவது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஒரு நாள் கூத்து ஃபார்மில் ஏறியது, ஃபார்மில் போட்டோ ஏறியது, போட்டோவுக்குக் கீழே ஃபோன் நம்பர் ஏறியது, அப்புறம் அதை யார் இறக்குவது. ஆண்டுவிழாவுக்கு மதினி போனாள். ஒவ்வொரு மீட்டிங்குக்கும் மெட்டி மாறி மாறிப் போய் வந்தது. பாப்பாவுக்கு வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்: ஸ்கூலில் அத்தையை மம்மி என்று சொல்ல வேண்டும், அது ஸ்கூல் விளையாட்டு, வெளியே சொன்னால் அவுட். பிள்ளை விளையாட்டில் கெட்டி. ஒரு தடவைகூட அவுட் ஆகவில்லை.

ஏழு பேர். காதில் செருகியிருந்தவன் உள்ளே போய்விட்டான். பாப்பா சேலையைப் பிடித்து இழுத்து, அத்தை எங்கே என்று கேட்டாள், வராண்டாவில் தமிழ் பேசினால் ஃபைன் என்பதால் குசுகுசுவென்று கேட்டாள். வருவா என்றாள் பாண்டிச்செல்வி. மீட்டிங் நாள் என்பதால் யாரையும் தடுக்காத கேட்டைக் காலையில் தாண்டும்போதே பிள்ளை காலை ஊன்றிக்கொண்டு நின்றாள். “நீ இங்கதானம்மா நிப்ப,” என்று வாகை மரத்தைக் காட்டினாள். அங்கேதான் நிற்பாள், ஆமாம், மற்ற வீடுகளில் வேலைக்கு இருக்கிற பெண்களோடு, ஆட்டோக்காரர்களோடு. அந்தப் பெண்கள் அவளிடம் உனக்கு எந்த வீடு, சாப்பாடு போடுகிறார்களா என்று முதலில் கேட்டபோது சிரித்து மழுப்பினாள், அப்புறம் அதுவே நின்றுவிட்டது. ஹேவ் பீன் ஸ்டாண்டிங். மாஸ்டர் அதற்குத் தனி வீடியோ போட்டிருந்தான்: முன்னால் ஆரம்பித்து இன்னமும் நடந்துகொண்டே இருக்கிற காரியத்துக்கு ஹேவ் பீன், பின்னால் ஐ.என்.ஜி. எவ்வளவு காலம் என்றால் ஃபார், எப்போதிலிருந்து என்றால் ஸின்ஸ். ஐ ஹேவ் பீன் ஸ்டாண்டிங் அண்டர் தி ட்ரீ ஃபார் டூ இயர்ஸ். இதை அவளாகவே கட்டினாள், யாரும் சொல்லித் தரவில்லை, கட்டி முடித்ததும் கைகால் எல்லாம் சில்லிட்டது, ஏதோ ஆபாசமாக எழுதிவிட்டதைப் போல. மாஸ்டர் கொடுத்த உதாரணமெல்லாம் அவனுக்கென்ன, ஐ ஹேவ் பீன் வாட்சிங் டி.வி., ஐ ஹேவ் ஈட்டன் இட்லி. தின்றுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு இங்கிலீஷ் சொல்லித் தருகிறான். நேற்றுத் தின்ற இட்லிக்கு ஹேவ் வராது, அது போனது போனதுதான். தின்றதன் பலன் இப்போதும் வயிற்றில் இருந்தால் மட்டும் ஹேவ் போடு என்றான். அப்படியானால் அஞ்சு வருஷத்துக்கு முன்னால் ஒரு பகல் முழுக்க இடுப்பு விண்டுபோகப் பெற்றாளே, அதற்கு என்ன போடுவது. அது போனதா இருக்கிறதா. தையல் போட்ட இடம் மழைக் காலத்தில் இன்னமும் சுள்ளென்கிறது, அது பலன் இல்லையா. மாஸ்டர், இதுக்குப் பதில் சொல்லுய்யா, கீழே கமெண்ட்டில் எழுதுங்கள் என்கிறாயே, எழுதவா.

அந்த மூன்று வாரமும் அடுப்படிதான் பள்ளிக்கூடம். கிரைண்டரைப் போட்டுவிட்டு, அது கடகடவென்று ஓடுகிற சத்தத்துக்குள் ஃபோனை உளுந்து டப்பாவில் சாய்த்து வைத்து, ஒரு கையால் மாவைத் தள்ளிக்கொண்டே பார்ப்பாள். வீட்டில் ஒரே பேச்சு, செல்விக்கு என்ன இப்படித் தினமும் ஆட்டுகிறாள் என்று. மதினி சிரித்தாள், தோசைக் கடை போடப் போறியா செல்வி என்றாள். போடுகிறேன் மதினி, முதல் தோசையை உன் நாக்கில் ஊற்றுகிறேன். இதெல்லாம் உள்ளே. வெளியே பாண்டிச்செல்வி தலையைக் குனிந்து சிரித்தாள். அவளுக்கு வெளியே வருவது எப்போதும் அந்தச் சிரிப்பு ஒன்றுதான், ஏழாவது படிக்கும்போதே அப்படித்தான், இங்கிலீஷ் டீச்சர் எழுந்து நின்று வாசி என்றால் சிரிப்பாள், தொடையில் கிள்ளுவாள், அதற்கும் சிரிப்பாள், எட்டாவதுக்குப் போகாமல் மில்லுக்குப் போனபோதும் சிரித்துக்கொண்டுதான் போனாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் புதன்கிழமைதான் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்கு வகுப்பில் வாந்தி. ஸ்கூலிலிருந்து ஃபோன் மதினிக்குப் போயிற்று, மதினி பரீட்சை ஹாலில் இருக்கிறேன், ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறாள். மாமியாருக்குத் தகவல் வந்ததும் பாண்டிச்செல்வி நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள், ஓடினால் எட்டு நிமிஷம். வாட்ச்மேன் விடவில்லை. அம்மா வரணும், கார்டு காட்டணும், ஆயாகிட்ட எல்லாம் புள்ளையக் கொடுத்தா எங்க வேலை போயிரும் என்றான், மரியாதையாகத்தான் சொன்னான். உள்ளே இருந்து அழுகை கேட்டது. எத்தனை பிள்ளை அழுதாலும் அது எது என்று தெரியாதா. நான்தான் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் சீட்டுப் போய்விடும், பொய் ஃபார்ம், பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று முத்தீஸ்வரன் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டாள். ஐம்பது நிமிஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதினி ஸ்கூட்டரில் வந்து இறங்கி, கார்டைக் காட்டி, உள்ளே போய்ப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தோளில் வாந்தி வழிந்தது. அதைப் பார்த்தபோது பாண்டிச்செல்விக்கு வந்தது பொறாமை, வேறு பேர் அதற்கு இல்லை. தன் பிள்ளையின் வாந்திக்குப் பொறாமைப்பட்டாள்.

நாலு பேர். கண்ணாடிக்காரிக்கு முன்னால் மூன்று பேர். பத்து ஐம்பத்திரண்டு. ஒவ்வொருத்தருக்கும் மூன்று நிமிஷம் என்றால் பன்னிரண்டு நிமிஷம், பதினொன்று நாலு. கணக்கு இடித்தது. அவள் மறுபடி போட்டுப் பார்த்தாள், மறுபடியும் இடித்தது. ஏதோ ஒரு பிள்ளை மக்காக இருக்கக்கூடாதா, மார்க்கே இல்லாமல் இருந்தால் பேச ஒன்றும் இருக்காது, சட்டென்று வெளியே வந்துவிடுவார்கள். இல்லை, மக்குப் பிள்ளைக்குத்தான் அதிகம் பேசுவார்கள். அப்படியானால் எல்லாப் பிள்ளையும் கெட்டியாக இருக்கட்டும், நாசமாய்ப் போகட்டும். மிஸ் என்ன கேட்பாள். ஹவ் ஆர் யூ என்றால் ஃபைன். சிட் டவுன் என்றால் தேங்க் யூ. அதற்கு மேலே கேட்டால். சிரித்துவிடுவோமோ. இன்று சிரித்தால் முடிந்தது. இன்று சிரித்தால் இனிமேல் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பிள்ளை பெரியவளாகி நிற்கும்போதும் ஸ்கூல் கார்டில் மதினி முகம் இருக்கும், பாண்டிச்செல்வி வாகை மரத்தடியில் குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். சீட்டுப் போனால் போகட்டும். இதை நினைத்துவிட்டு அவள் பயந்து பிள்ளையைப் பார்த்தாள். பாப்பா தன் பாட்டுக்குச் சுவர் யானையின் வாலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஷூ மினுங்கியது, நேற்று பாண்டிச்செல்விதான் தேய்த்தாள், தலை பின்னியது அவள், அந்த நகம் வெட்டியது அவள், இவ்வளவும் செய்திருக்கிறாள், ஐ ஹேவ், ஐ ஹேவ், ஐ ஹேவ், இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஹேவ் போட வேண்டும், அவர்களுக்கு எல்லாமே கையில் வைத்திருக்கிற சாமான். தமிழில் செய்தேன் என்றால் போதும். போதவில்லையே, செய்தேன் செய்தேன் என்று மனசுக்குள் சொல்லி என்ன கண்டாள். வாத்தியார் வேஷம் போட்டவன் சொன்னது சரிதான், பலன் இப்போது எவள் கையில் இருக்கிறதோ அவளுக்குத்தான் ஹேவ். முத்தீஸ்வரன் இன்று ராத்திரி என்ன செய்வான். கத்துவான். தட்டை எறிவான். அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் பேசாமல் இருப்பான், பதினைந்து நாள் இருபது நாள் அவளைச் சுவராக்கிவிடுவான். இருக்கட்டும், சுவராக இருந்து பழகியதுதான். அவன் பேசாமல் இருப்பது இனிமேல் அவனுக்குத்தான் கஷ்டம், யாரிடம் போய்த் துண்டு எங்கே என்று கேட்பான்.

கண்ணாடிக்காரி உள்ளே போனாள். உள்ளே சிரிப்புக் கேட்டது, அவள் சிரிப்பும் மிஸ் சிரிப்பும், இரண்டும் ஒரே சுருதியில். பதினொன்று. ஐ ஆம் தன்விகாஸ் மதர். ஐ ஹேவ் கம். பாப்பா இப்போது யானையை விட்டுவிட்டு வராண்டாவின் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள், படி ஏறி வருகிறவர்களை ஒவ்வொருவராக. கண்ணாடிக்காரி வெளியே வந்தாள், வாசனை முதலில் வந்தது. வாசலில் நின்ற ஸ்கூல் ஆயாம்மா உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பாண்டிச்செல்வி செருப்பை வாசலில் கழற்றினாள், கழற்றிய பிறகுதான் மற்றவர்கள் யாரும் கழற்றவில்லை என்பது தெரிந்தது, திரும்ப மாட்டவும் முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று இருந்தது, தன் வயசுகூட இருக்காது, கண்ணுக்குக் கீழே கறுப்பு, பக்கத்தில் ஆறிப்போன டீ. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. மிஸ் நிமிர்ந்து பாண்டிச்செல்வியைத் தாண்டி வாசலைப் பார்த்தாள், யாரும் வராததால் பாப்பாவைப் பார்த்துக் குனிந்தாள்.

“ஹேஸ் யுவர் மம்மி கம், தன்விகா?”

பாண்டிச்செல்வி வாயைத் திறந்தாள். அதற்குள் பாப்பா நெஞ்சை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்ட முடியாமல் ஒரு கையை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்கிற ராகத்தில் சொன்னாள்.

“நோ மிஸ். மம்மி ஹேஸ் நாட் கம். ஷி ஹேஸ் பிராட் மீ.”

ஷி என்றபோது பாப்பாவின் கட்டைவிரல் பாண்டிச்செல்வியின் உள்ளங்கையை ஒரு தடவை அழுத்தியது. மம்மி இன்னும் வரவில்லை. இவள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒவ்வொரு சொல்லும் துலக்கிவைத்த பாத்திரம் மாதிரி விளங்கியது. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இது அவளுக்கு வெறும் சத்தம். பிள்ளை எவ்வளவு அழகாக இங்கிலீஷ் பேசுகிறது என்று பூரித்துப்போய் நின்றிருப்பாள், வாகை மரத்தடியில் போய்ச் சொல்லியிருப்பாள். இதைக் கேட்கத்தான் மூன்று வாரம் உளுந்து ஆட்டியிருக்கிறாள். எதிரி யார் என்று இவ்வளவு நாளாக ஒரு கணக்கு வைத்திருந்தாள், மதினி, அவன், வாட்ச்மேன், மாஸ்டர், கண்ணாடி போட்டவள். எந்தப் பட்டியலிலும் இந்தப் பிஞ்சு முகம் இல்லை. பிள்ளை பொய் சொல்லவில்லை, விளையாடுகிறது, அவுட் ஆகாமல் விளையாடுகிறது, சொல்லிக்கொடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் தான்தானே. மிஸ்ஸின் களைத்த முகம் மலர்ந்தது. வெரி குட், ஃபுல் சென்டன்ஸ் என்று சொல்லி, ஒரு பொன்னிற நட்சத்திரத்தை உரித்துப் பாப்பாவின் புறங்கையில் ஒட்டினாள். பாப்பா அதை அண்ணாந்து பாண்டிச்செல்வியிடம் காட்டினாள், பாரும்மா என்று கண்ணால் சொன்னாள், வாயால் சொல்லவில்லை. கீழே ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. மிஸ் தமிழுக்கு மாறி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவங்க அம்மா வந்ததும் கூப்பிடறேன் என்றாள், இரைந்துகூடப் பேசவில்லை. தள்ளி நிற்பது ஓரடி. ஓரடி நகர்ந்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகவே இருக்கும், மதினி வந்து உட்காருவாள், யாருக்கும் ஒன்றும் ஆகாது, பிள்ளை கெட்டிக்காரியாகவே வீட்டுக்கு வரும். கட்டிவைத்த இரண்டு வாக்கியத்தையும் பாண்டிச்செல்வி தேடினாள். ஒன்றுமில்லை. 

“நான்தான் மிஸ் அவ அம்மா,” என்றாள்.

மில்லில் மெஷின் ஓடும்போது அடுத்த வரிசைக்குக் கேட்கப் பேசுகிற குரல் அது. வெளியே வரிசையில் பேச்சு நின்றது. மிஸ் சிரிப்பை எடுக்க மறந்து, ஃபைலைப் புரட்டி, போட்டோவைப் பார்த்து, மறுபடி இவளைப் பார்த்தாள். அது என் வீட்டுக்காரரோட அக்கா, நான் படிக்கலேன்னு அவுங்கள அனுப்பினாங்க, பெத்தது நான் என்று பாண்டிச்செல்வி அதே குரலில் சொன்னாள், குறைக்க வரவில்லை. மிஸ் ஃபைலை மூடினாள். அப்புறம், தமிழில் கேட்கக்கூடாது என்பதையே மறந்து, பிள்ளையிடம் கேட்டாள்.

“தன்விகா, இவங்க யாரும்மா?”

பாப்பா மிஸ்ஸைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பி, படியில் கேட்கத் தொடங்கியிருந்த செருப்புச் சத்தத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“வீட்ல அம்மா,” என்றாள். “ஸ்கூல்ல இல்ல மிஸ்.”

வெளியே யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். பாண்டிச்செல்வி நாற்காலியை இழுத்தாள், அது தரையில் கீச்சென்று கத்தியது, உட்கார்ந்தாள். பாப்பா கையை உருவப் பார்த்தாள், முறுக்கினாள், அவள் விடவில்லை.

“இன்னையில இருந்து ஸ்கூல்லயும்தான்,” என்றாள் பிள்ளையிடம்.

பாப்பா அழ ஆரம்பித்தாள். வாயை அகலத் திறந்து, வராண்டா முழுக்கக் கேட்கும்படி, அத்தை அத்தை என்று அழுதாள். பாண்டிச்செல்வி அவள் கண்ணைத் துடைக்கவில்லை, வாசல் பக்கம் திரும்பவில்லை. மேசைமேல் கிடந்த ரேங்க் கார்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

“மார்க்கச் சொல்லுங்க மிஸ்,” என்றாள்.